தேனிலவுக்கு மதுரை

கல்யாணம் முடிந்து கொடைக்கானலுக்குக் கிளம்பும் பெரும்பாலான ஜோடிகளுக்கு மதுரை ஒரு பஸ் மாறும் இடம். அதிகாலை ரயிலில் வந்து இறங்கி, ஆரப்பாளையத்துக்கு ஆட்டோ பிடித்து, ஜன்னலோர சீட்டுக்குத் துண்டு போட்டு மலையேறிவிடுவார்கள். திரும்பும் வழியில் கோயிலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவார்கள். அது வரிசையில் நிற்கவே சரியாக இருக்கும். அவர்களை மதுரையிலேயே மூன்று நாள் பிடித்துவைக்கத்தான் இந்த அத்தியாயம். கொடைக்கானல் சுமார் 120 கிலோமீட்டர்தான். நான்காம் நாள் ஏறிக்கொள்ளலாம்.

தம்பதியாக வருவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் கட்சி. இங்கே கோயில் நடை சாத்துவதே ஒரு குடித்தனத்தின் கணக்கில்தான். இரவில் சொக்கநாதரின் பாதங்கள் பல்லக்கில் ஏறி மீனாட்சியின் பள்ளியறைக்குப் போகின்றன. மறுநாள் பள்ளியெழுச்சி முடிந்துதான் ஊருக்குப் பொழுது விடிகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவருக்கும் ஊஞ்சல். தென்மேற்கே எட்டு கிலோமீட்டரில் அவர்கள் பிள்ளைக்கும் தெய்வானைக்கும் கல்யாணம் நடந்த குன்றம். “உங்க வீட்டுல மதுரையா, சிதம்பரமா?” என்று புது மாப்பிள்ளையைக் கேலி செய்யாத சித்தப்பா உண்டா? மதுரை என்று பதில் வந்தால் ஆட்சி வீட்டம்மாவுடையது. அந்த ஆட்சியை அது நடக்கும் இடத்திலேயே வந்து பார்த்துவிடுவது இருவருக்கும் நல்லது.

எந்த வாரம் வரலாம்

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. ஆகவே பனிக்காலத்தில் வருகிறவர்கள் இரண்டு வகை: கார்த்திகைக் கடைசியில் தாலி கட்டி மார்கழியில் வருகிறவர்கள், தை முகூர்த்தம் முடிந்து நேராக வருகிறவர்கள். முதல் வகைக்கு ஒரு எச்சரிக்கை. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் நடுவரை எட்டிப் பார்க்கும். மாசி வீதிகளில் முழங்கால் தண்ணீரில் சேலை வாங்கப் போவதில் சுகமில்லை. மழை ஓய்ந்தபின் பிப்ரவரி நடுவரை மதுரையில் வெயிலைத் திட்டாமல் நடக்கலாம். விடிகாலையில் 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், மத்தியானம் 30. இதைத்தான் மதுரைக்காரர்கள் குளிர் என்பார்கள். காதில் மப்ளர் சுற்றிக்கொண்டு டீக்கடையில் நிற்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சால்வை போதும். ஸ்வெட்டரைக் கொடைக்கானலுக்கென்று பெட்டியிலேயே வையுங்கள்.

குளிரைவிடக் கூட்டம்தான் யோசிக்க வேண்டிய விஷயம். கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரவிளக்கு வரை சபரிமலைக்குப் போகிறவர்களும் திரும்புகிறவர்களும் மீனாட்சி கோயிலில் இறங்காமல் போவதில்லை. கறுப்பும் நீலமுமாக அவர்கள் ஒருபுறம், மேல்மருவத்தூர் சிவப்பு ஒருபுறம், தைப்பூசத்துக்குப் பழநி நடைபயணம் போகிறவர்கள் இன்னொருபுறம். அரையாண்டு விடுமுறையும் சேர்ந்துகொண்டால் டிசம்பர் 24 முதல் ஜனவரி முதல் தேதி வரை சித்திரை வீதியில் தம்பதியாக நடக்க முடியாது, மந்தையாகத்தான் நடக்கலாம்.

பொங்கல் வாரமும் சிக்கலானதே. புதுமணத் தம்பதிக்கு அது தலைப்பொங்கல். பெண் வீட்டிலிருந்து பானையும் கரும்புமாகச் சீர் வரும் நாளில் வீட்டில் இல்லாமல் மதுரையில் சுற்றிக்கொண்டிருந்தால் பேச்சு ஆறு மாதம் ஓடும். தவிர, பொங்கலன்றும் மாட்டுப்பொங்கலன்றும் கடைவீதி பாதி அடைத்துக் கிடக்கும். ஜல்லிக்கட்டுக்காக வருகிறவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு: தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போகிற இடமல்ல அது. விடிவதற்கு முன்பே போய் கேலரியில் இடம் பிடித்து, வெயிலில் உட்கார்ந்திருக்கத் தெம்பு வேண்டும்.

நான் சொல்லும் வாரம், பொங்கல் கூட்டம் வடிந்தபின் தைப்பூசத் தெப்பத்தை ஒட்டி வருவது. காலண்டரில் தை மாதப் பௌர்ணமியைப் பார்த்து அதற்கு இரண்டு நாள் முன்னால் வந்துவிடுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. கல்யாணத் தேதி குறித்த அன்றே இந்தத் தேதியையும் ஒருவர் குறித்துவைக்க வேண்டும். பந்தல்காரருக்கு முன்பணம் கொடுக்கும் பரபரப்பில் டிக்கெட்டை மறந்தவர்கள் அநேகம்.

தங்குமிடம்

இரண்டு வழிதான். ஒன்று, ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடுவே மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் இருக்கும் ஓட்டல்கள். பலவற்றில் மொட்டைமாடிச் சாப்பாட்டுக்கூடம் உண்டு. ராத்திரி விளக்கு போட்ட கோபுரங்களைப் பார்த்துக்கொண்டே தோசை சாப்பிடலாம். சத்தம் இருக்கும். இரண்டாவது வழி, பசுமலை மேல். மரங்களும் மயில்களும் உண்டு, கீழே ஊர் முழுக்கத் தெரியும், விலையும் அதற்கேற்ற உயரத்தில் இருக்கும். பணம் இடம் கொடுத்தால் கடைசி இரவை மட்டும் மலையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாளும் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருப்பதுதான் முக்கியம். ஏனென்று அடுத்து வரும்.

அறை எடுக்கும்போது இருவருடைய ஆதாரையும் கேட்பார்கள். பெண்ணின் அட்டையில் அப்பா வீட்டு முகவரிதான் இன்னும் இருக்கும். சில இடங்களில் அதை வைத்துக்கொண்டு குறுக்கு விசாரணை நடக்கும். கல்யாணப் பத்திரிகை ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டால் பேச்சு நீளாது.

கோயில்: ஒரே தடவையில் பார்த்துவிடாதீர்கள்

மீனாட்சி கோயிலை மூன்று தடவையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நடந்து போகிற தூரத்தில் தங்கச் சொன்னது இதற்காகத்தான்.

முதல் தடவை, விடியலுக்கு முன். மார்கழியில் நடை வழக்கத்தைவிடச் சீக்கிரமே திறந்துவிடுவார்கள். கிழக்கே அம்மன் சன்னிதி வாசல் வழியாக, அஷ்டசக்தி மண்டபத்தில் நுழைந்து, முதலில் அம்மனைப் பார்த்துவிட்டுத்தான் சுவாமி சன்னிதிக்குப் போக வேண்டும். அதுதான் இந்த ஊர் வழக்கம். திருவெம்பாவை பாடும் குரல்களும், ஈரக் கல்தரையின் குளிர்ச்சியும், பத்து மணிக்கு மேல் கிடைக்காத அமைதியும் அந்த நேரத்தில் உண்டு.

இரண்டாவது, மத்தியானம் 12 மணிக்கெல்லாம் கூட்டத்தை வெளியே அனுப்பத் தொடங்குவதற்கு முன்னால், சிற்பங்களுக்காக மட்டும். சாமி கும்பிடுகிற நேரத்தில் சிற்பம் பார்க்க வராது. ஆயிரங்கால் மண்டபம் 1569இல் அரியநாத முதலியார் கட்டியது. எண்ணினால் 985 தூண்கள்தான் இருக்கும். மீதிக் கணக்கைக் கேட்டு யாரையும் மடக்க வேண்டாம். ஆனால் ஒரே ஒரு சிற்பம் பார்க்க நேரமிருக்கிறது என்றால், சுவாமி சன்னிதிக்கு முன்னாலிருக்கும் கம்பத்தடி மண்டபத்துக்குப் போங்கள். தூணில் மீனாட்சி கல்யாணம் இருக்கிறது. அண்ணனாகிய பெருமாள் தாரை வார்த்துக் கொடுக்கிறார், சொக்கர் கையைப் பிடிக்கிறார், மீனாட்சி தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு நிற்கிறாள். அதுவரை மூன்று உலகத்தையும் படையெடுத்து வென்ற பெண் அவள். அந்தத் தலை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைச் சிற்பி அளந்து வைத்திருக்கிறார். போன வாரம் மணவறையில் அதே மாதிரி நின்ற பெண்ணுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பக்கத்திலேயே வெள்ளியம்பலத்தில் நடராஜர் கால் மாறி, வலது பாதத்தைத் தூக்கி ஆடுகிறார். ஒரே காலில் நின்று வலிக்காதா என்று பாண்டியன் கவலைப்பட்டுக் கேட்டதால் மாற்றிக்கொண்டாராம். சொன்னால் கேட்கிற நடராஜர்.

மூன்றாவது, ராத்திரி பள்ளியறைப் பூஜைக்கு. எட்டரைக்கெல்லாம் உள்ளே போய்விடுங்கள்; ஒன்பது மணியை ஒட்டிப் பல்லக்கு கிளம்பும். நாதசுரம் முன்னே போக, தீவட்டியும் சாம்பிராணியுமாக அம்மன் சன்னிதிக்குப் போகும் அந்தச் சின்ன ஊர்வலத்துக்கு வெளிநாட்டுப் பயணிகள் தவறாமல் வந்துவிடுகிறார்கள். உள்ளூர்ப் புதுமணத் தம்பதிகள்தான் அந்நேரம் புரோட்டாக் கடையில் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மதுரையில் இருந்தால் சாயங்காலம் ஊஞ்சலையும் விட வேண்டாம்.

சில நடைமுறைகள். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு உள்ளே கைபேசி கிடையாது. வாசலில் ஒப்படைத்துச் சீட்டு வாங்க வேண்டும். கைபேசி இல்லாமல் கூட்டத்தில் ஒருவரையொருவர் தொலைத்தால் தேடுவது பெரும்பாடு. உள்ளே நுழையும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்: தொலைந்தால் பொற்றாமரைக் குளத்து வடகரைப் படி. காத்திருக்கிறவருக்கும் நஷ்டமில்லை. எதிரே சுமார் 170 அடிக்குத் தெற்குக் கோபுரம் நிற்கும். உடை விஷயத்தில் வேட்டி அல்லது பேன்ட், சேலை அல்லது துப்பட்டாவோடு சுடிதார் என்றால் கேள்வியில்லை. போட்டோவுக்குக் கிழக்குச் சித்திரை வீதி. வண்டிகள் வராத வீதி அது, காலை வெயில் நேராகக் கிழக்குக் கோபுரத்தின் முகத்தில் விழும். “மாடியிலேருந்து கோபுரம் பாக்கலாம், காசு வேணாம்ணே” என்று கூப்பிடுகிறவர் பின்னால் போனால் மாடிக்கு முன்னால் மூன்று தளம் கைவினைப் பொருள் கடை இருக்கும். இறங்கும்போது கம்பளம் விரிப்பார்கள்.

மார்கழியில் தேய்பிறை அஷ்டமியன்று மதுரையில் இருக்க நேர்ந்தால் மற்றதையெல்லாம் தள்ளிவையுங்கள். எல்லா உயிருக்கும் படியளக்க சுவாமியும் அம்மனும் சப்பரத்தில் வெளிவீதிகளைச் சுற்றி வரும் நாள் அது. வழியெல்லாம் அரிசி தூவிக்கொண்டே போவார்கள். அம்மன் சப்பரத்தை இழுப்பது பெண்கள். மணப்பெண் வடம் பிடிக்க, மாப்பிள்ளை செருப்பைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நிற்கலாம். மதுரை என்றால் மதுரைதான்.

மகாலும் தெப்பமும்

திருமலை நாயக்கர் மகால் 1636இல் கட்டியது. இன்று நிற்பது அன்றைய அரண்மனையின் நாலில் ஒரு பங்குதான். பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குத் தலைநகரை மாற்றியபோது கழற்றிக்கொண்டு போனது போக, மிஞ்சியதை 19ஆம் நூற்றாண்டில் கவர்னர் நேப்பியர் பழுது பார்த்தார். மத்தியானம் மூடிவிடுவார்கள், காலையிலேயே போங்கள். அந்தப் பெரிய முற்றத்தையும் தூண்களையும் பார்த்ததும் எங்கேயோ பார்த்த மாதிரி தோன்றினால் ஆச்சரியமில்லை. மணிரத்னத்தின் ‘பம்பாய்’ படத்தில் கல்யாண வீட்டுப் பாடல் இங்கேதான் படமானது. மாலையில் ஒலி-ஒளிக் காட்சி அன்றைக்கு உண்டா என்று காலையிலேயே கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். கொசுவுக்கு ஏதாவது தடவிக்கொண்டு போக வேண்டும்.

கிழக்கே வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். அதே திருமலை நாயக்கர் 1645இல் வெட்டியது. மகால் கட்ட மண் எடுத்த பள்ளம் என்றும், அங்கே தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோயிலின் முக்குறுணி விநாயகர் என்றும் சொல்வார்கள். சாதாரண நாளில் சாயங்காலக் காற்றுக்கும் வடைக்கும் ஊர் கூடும் இடம். தைப்பூசத்தன்று மட்டும் அது வேறு ஊர். மீனாட்சியும் சொக்கரும் இங்கே வந்து தெப்பம் ஏற, கரையில் நிற்கிறவர்கள் வடம் பிடித்து மைய மண்டபத்தைச் சுற்றி இழுக்கிறார்கள். காலையிலும் உண்டு, மின்விளக்கு அலங்காரத்துக்காக எல்லோரும் இரவுக்குத்தான் வருவார்கள். அதனாலேயே காலையைச் சிபாரிசு செய்கிறேன். வடத்தில் கை வைக்க இடம் கிடைக்கும்.

தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கும் காந்தி அருங்காட்சியகம் 1959இல் நேரு திறந்து வைத்தது. சுடப்பட்டபோது காந்தி அணிந்திருந்த இரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. தேனிலவுக்கு இது எதற்கு என்று நினைக்கிறவர்கள் விட்டுவிடலாம். ஆனால் மேலமாசி வீதியில் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரைவேட்டிக்கு மாறிய வீட்டை விடாதீர்கள். கீழே கதர்க் கடை நடக்கிறது. துவைக்கத் துவைக்க மிருதுவாகும் படுக்கை விரிப்பும் துண்டும் புதுக் குடித்தனத்துக்கு அங்கேயே வாங்கலாம்.

ஊரைத் தாண்டி அரை நாள்

வாடகைக் கார் ஒன்றை ஒரு நாளைக்குப் பேசிக்கொண்டால் சுற்றுவட்டாரத்தில் பாதியைப் பார்த்துவிடலாம். திருப்பரங்குன்றத்தில் மலையைக் குடைந்த பாண்டியர் காலக் கருவறை. தை முகூர்த்த நாளில் போனால் ஒரே காலையில் பத்துப் பதினைந்து மாப்பிள்ளைகளை மாலையோடு பார்க்கலாம்; போட்டோகிராபர் யாரை எந்தப் பெண்ணோடு நிறுத்துவது என்று குழம்பி நிற்பதையும் பார்க்கலாம். பக்கத்தில் விளாச்சேரி. கொலு பொம்மைக்குப் பேர்போன அந்தக் கிராமத்தில் கார்த்திகை, மார்கழியில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் காய்ந்துகொண்டிருக்கும். அடுத்த நவராத்திரி உங்களுக்கு முதல் கொலு என்றால் இங்கேயே ஒரு கல்யாண செட் எடுத்துவிடுங்கள். மாப்பிள்ளை, பெண், ஊர்வலம், பந்தி எல்லாம் மண்ணில் கிடைக்கும்.

வடகிழக்கே ஒத்தக்கடைப் பக்கம் யானைமலை. படுத்த யானையேதான். அதன் அடியில் நரசிங்கத்தில் எட்டாம் நூற்றாண்டுக் குடைவரை நரசிம்மர் கோயில். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி தொடங்கியது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் லாடன் கோயில் என்ற சின்னக் குடைவரை இருக்கிறது. முருகனும் தெய்வானையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் வருவதில்லை, பூட்டியிருந்தாலும் கம்பி வழியே பார்க்கலாம். அதே திசையில் திருமோகூர் காளமேகப் பெருமாள் கோயில் தூண்களில் ரதியும் மன்மதனும் எதிரெதிரே நிற்கிறார்கள். இந்த மூன்றும் ஒரு காலைக்குச் சரியாக இருக்கும்.

மாலை நேரத்துக்குக் கீழக்குயில்குடி. தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில், பின்னால் சமணர் மலை. படிகளேறினால் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், கீழே வட்டெழுத்து. மற்ற மாதங்களில் பாறை சுடும். பனிக்காலத்தில்தான் வெறுங்காலோடு ஏற முடியும். வெளிச்சம் போவதற்குள் இறங்கிவிடுங்கள்.

கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது. சிவகங்கை மாவட்டம் என்றாலும் மதுரையிலிருந்து அரை மணி நேரம்தான். செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் கட்டியிருக்கிறார்கள். வைகைக்கரையில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் என்னென்ன இருந்தன என்று பார்க்க வேண்டும்: தந்தச் சீப்பு, பொன் அணி, சூதுபவள மணி, பகடைக்காய். சீர்வரிசைப் பட்டியல் அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. அழகர்கோயிலும் பழமுதிர்சோலையும் வடக்கே 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். போனால் கோயில் தோசை கெட்டியாக, மிளகு காரத்தோடு கிடைக்கும்.

கடைவீதி

மதுரைக் கடைவீதியைப் புரிந்துகொள்ள ஒரு வரைபடமும் வேண்டாம். கோயிலை நடுவில் வைத்துச் சதுரத்துக்குள் சதுரமாக ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள். ஆடி வீதி கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. தங்கம் வாங்கத் தெற்கு ஆவணி மூல வீதி. துணிக்குத் தெற்கு மாசி வீதியும் விளக்குத்தூணும் பத்துத்தூண் சந்தும். பாத்திரத்துக்கு வெண்கலக்கடைத் தெரு. பத்துத்தூண் சந்தில் சேலைக் குவியலுக்கு நடுவே வானத்தைப் பார்த்து நிற்கும் அந்த ராட்சசத் தூண்கள் நாயக்கர் அரண்மனையின் மிச்சம். காணாமல் போன முக்கால் பங்கு அரண்மனை எவ்வளவு பெரியது என்று சேலை வாங்கும்போதுதான் புரியும். கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் தலைமுறையாக இருந்த தையல்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் வளையல் கடைகளும் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள். ரவிக்கை அவசரமாகத் தைக்க வேண்டுமென்றால் அங்கே கேளுங்கள்.

இரண்டு நாளும் பார்த்துவிட்டு மூன்றாம் நாள்தான் வாங்க வேண்டும். முதல் நாள் வாங்குகிறவர்கள் மூன்றாம் நாள் மறுபடி வாங்குகிறார்கள். இன்னொன்று: கையில் சிவந்த மருதாணியும் கழுத்தில் புது மஞ்சள் கயிறுமாகப் போனால் எல்லாக் கடைக்காரருக்கும் விஷயம் தெரிந்துவிடும். “என்ன தாயி, புதுப் பொண்ணா? மாப்ள மொகத்தப் பாத்தா வெல கொறைக்கவே மனசு வரல” என்பார் பூக்கார அம்மா. மனைவி முன்னால் பேரம் பேசக் கூச்சப்படும் மாப்பிள்ளைகளை நம்பியே சில கடைகள் நடக்கின்றன. பேரத்தைப் பெண்ணிடம் விட்டுவிடுவது உத்தமம்.

சுங்குடியில் இருந்து தொடங்கலாம். நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறிய சௌராஷ்டிர நெசவாளர்களின் கைத்தொழில் இது. பருத்திச் சேலையை மடித்து, நகத்தால் துணியைக் கிள்ளி எடுத்து நூலால் முடிச்சிட்டு, சாயத்தில் முக்கிக் காயவைத்துப் பிரித்தால் முடிச்சு இருந்த இடமெல்லாம் புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கடையில் சுங்குடி என்று அடுக்கியிருப்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சிலும் சாதாரண அச்சிலும் வந்தது. அதுவும் நல்ல சேலைதான், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், தினசரிக்கு அதைப்போல் சுகமில்லை. கை முடிச்சுக்கு ஆயிரங்களில் கொடுக்கும்போதுதான் கவனம் வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கையால் முடிந்த புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, வரிசை சற்றே ஆடும், கஞ்சி போடாத துணியில் புள்ளியைச் சுற்றி மெல்லிய சுருக்கம் விரலுக்குத் தட்டுப்படும். எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் வரிசை பிசகாமல் நின்றால் அது அச்சு. “முடிச்சு போட்டதா, அச்சாண்ணே?” என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் நேராகவே சொல்வார்கள். முதல் இரண்டு மூன்று தடவை உப்புத் தண்ணீரில் தனியாக அலசுங்கள். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியோடு சேர்த்தால் வேட்டியும் சுங்குடியாகிவிடும்.

நகைக்கடைக்குப் போக அவசியம் ஒன்று இருக்கிறது. மூன்றாம் மாதம் தாலி பெருக்கிப் போடும்போது கோர்க்கக் குண்டு, காசு, பவளம் என்று குடும்ப வழக்கப்படி சில உருப்படிகள் வேண்டும். அவற்றை மீனாட்சி ஊரில் எடுத்து, அம்மன் காலில் வைத்து வாங்கிக்கொண்டு போவதைப் பலர் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். எந்த வழக்கம் என்று மாமியாரிடம் போனில் கேட்டுவிட்டே கடைக்குள் நுழையுங்கள். 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டால் விவரம் வரும். விலைப் பலகையில் இருக்கும் கிராம் விலையை மட்டும் பார்த்து மனக்கணக்குப் போடாதீர்கள். செய்கூலி, சேதாரம், அதற்கு மேல் 3 சதவீத வரி. சேதாரத்தில்தான் பேச இடம் இருக்கிறது. மெட்டியை மட்டும் அளவு பார்த்து வாங்குங்கள். அழகைப் பார்த்து வாங்கிய மெட்டி மாடிப்படி ஏறும்போது உபத்திரவம் செய்யும்.

பித்தளை, வெண்கலம் எடை போட்டுத்தான் விற்பார்கள். குத்துவிளக்கு ஜோடியாக எடுங்கள். தரையில் வைத்து ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். அடிப்பாகம் கனமாக இருந்தால் ஆடாது. திருகு மரைகள் ஐந்து பாகத்திலும் லேசாக ஓடுகின்றனவா என்று கழற்றிப் பூட்டிப் பார்த்துவிட்டே காசு கொடுக்க வேண்டும். கனத்தைச் சுமக்க வேண்டாம், கடையிலேயே பார்சல் சர்வீஸில் போட்டுவிடுவார்கள்.

மல்லிகையைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி வெயில்காலப் பூ. பனி இறங்கினால் மொட்டுப் பிடிப்பது குறைந்துவிடும், முகூர்த்த நாளும் சேர்ந்தால் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கிலோ ஆயிரங்களில் ஏறும். தேனிலவுக்கு வந்த மாப்பிள்ளை முழம் விலை கேட்டு முழிப்பது தை மாதத்தில் மட்டும் பார்க்கக்கூடிய காட்சி. அதற்காக வாங்காமல் இருக்க முடியாது. தடித்த இதழும் நீண்ட காம்பும் இருந்தால் அசல். காம்பு நீளம் என்பதால்தான் நெருக்கமாகக் கட்ட வருகிறது. மொட்டாகவே வாங்க வேண்டும், சாயங்காலம் தலையில் வைத்தால் இரவில் விரியும். கட்டுப்படியாகவில்லை என்றால் பிச்சியோ கனகாம்பரமோ கேளுங்கள். மல்லி என்று சொல்லி வெளுத்த காக்கடாவைக் கட்டிக் கொடுத்தால் மோந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

நடுவில் பசிக்கும். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா: பால், கடற்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். பனிக்காலத்தில் வேண்டாம் என்கிறவர்களுக்குச் சாயங்கால வண்டிகளில் பருத்திப்பால் இருக்கிறது. பருத்திக்கொட்டையை ஆட்டிப் பாலெடுத்து, வெல்லமும் சுக்கும் தேங்காயும் போட்டுக் காய்ச்சியது. தொண்டைக்கு அதைவிட மருந்து கிடையாது. ராத்திரி சிம்மக்கல் பக்கம் கோனார் மெஸ்ஸில் கறி தோசை. இரண்டு பேருக்கு இரண்டு என்று ஆர்டர் செய்யாதீர்கள், ஒன்று வரட்டும், பிறகு யோசிக்கலாம். சாப்பிட்டு வந்து பெட்டிக்கடையில் சோழவந்தான் வெற்றிலை கேட்டு வாங்குங்கள்.

ஊருக்குத் திரும்பும் நாள் இரவு ரயில் என்றால் சாயங்காலம் இரண்டு வேலை பாக்கி. ஒன்று, பூ. ரயிலுக்குக் கொண்டுபோகிற பூவை பிளாஸ்டிக் பையில் போட்டால் விடிவதற்குள் வெந்துவிடும். வாழையிலையில் சுற்றித் தரச் சொல்லுங்கள். இரண்டாவது, ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் பிரேமா விலாஸ் அல்வா. பொண்டாட்டிக்கு மல்லிகைப்பூவும் அல்வாவும் வாங்கிப்போகும் கணவனைச் சினிமாவில் எத்தனை தடவை கேலி செய்திருந்தாலும் இந்த ஊரில் யாரும் சிரிக்க மாட்டார்கள். அங்கேயே நின்று சூடாக ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே எடையில் இரண்டு பொட்டலம்.